எந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள்?

பெயர் ஒன்றை முடிவு செய்வதற்காகக் கடல் கடந்து போனவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். நானும் என் மனைவி மங்களமும் போனோம்.

எங்கள் மகன் கார்த்திக் நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறான். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த றெஜினா என்ற பெண்ணை மணக்க விரும்பினான். பெண் வீட்டார் கத்தோலிக்கர். தகப்பனார் சவிரிமுத்து மன்னார்க்காரர். தாயார் ஸ்டெல்லா யாழ்ப்பாணத்தை அடுத்த தீவு ஒன்றில் பிறந்தவர். நாங்களோ மயிலாடுதுறைப் பக்கத்துச் சைவக் குடும்பம். மாலைப் பூசை முடிந்ததும் சந்நிதியில் நின்று ஒரு பதிகமாவது பாடாமல் நான் வீடு திரும்பிய நாட்கள் குறைவு.

மதம் வேறு என்பதால் எழுந்த சிக்கல்கள் தொலைபேசியிலேயே தீர்ந்துவிட்டன. ஓஸ்லோவில் தேவாலயத் திருமணம், பின்னர் எங்கள் ஊர்க் கோயிலில் திருமாங்கல்ய தாரணம் என்று இரு வீட்டாரும் மனமொப்பிச் சம்மதித்தோம். எஞ்சி நின்றது பெயர் ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் மருமகளாக வருகிறவளின் பெயர் ஏதோ ஒரு காரணத்தால் பொருந்தாவிட்டால் புதுப் பெயர் சூட்டுவது வழக்கம். நான் நாள் முழுதும் வாயில் வைத்திருக்கும் பாடல்களிலெல்லாம் தேடி, ‘வடிவாம்பிகை’ என்ற அம்பாள் திருநாமத்தைத் தேர்ந்து வைத்திருந்தேன். எங்கள் ஊரில் அச்சாகும் அழைப்பிதழில் அந்தப் பெயர் வரவேண்டும் என்பது என் விருப்பம். அழைப்பிதழில் மற்ற எல்லாம் ஆயத்தமாகிவிட்டன. மணமகள் பெயருக்குரிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சவிரிமுத்துவோ ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “நேரில வாங்கோ ஐயா, கதைப்பம்” என்று மட்டும் சொன்னார்.

நேரில் போனோம். ஆனால் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். முதலில் இரு குடும்பமும் ஒருநாள் முழுதும் சேர்ந்து ஊர் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அன்று பகலில் பெயரைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாதாம். மாலையில் வீட்டுக்கு வந்து முடிவு செய்து, ஊரிலிருக்கும் என் தம்பிக்குச் சொல்லிவிட வேண்டுமாம். அந்த ஒருநாளின் கதைதான் இது.

எல்லிங்ஸ்ருட் என்ற குடியிருப்புப் பகுதியில் கார்த்திக்கின் வீடு. வந்து சேர்ந்த முதல் நாள் காலையில் நான் கற்பூரம் ஏற்ற, கூரையிலிருந்த புகைமணி அலறி, மாடியிலிருந்த மூதாட்டி செருப்பில்லாமல் ஓடி வந்துவிட்டார். ஆகையால் ஊர் சுற்றும் நாளன்று தீபாராதனையை மனத்துக்குள்ளேயே முடித்துக்கொண்டு, திருநீறு மட்டும் தாராளமாகப் பூசிக்கொண்டு புறப்பட்டேன்.

சுரங்க ரயில் நிலையத்தில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள். அவர்கள் பக்கத்து நகராட்சியான லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு வாங்கி வாழ்கிறவர்கள், பேருந்தில் வந்திருந்தார்கள். சவிரிமுத்து உயரமான மனிதர், பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறவர். கோடை விடுமுறையாதலால் பள்ளி மூடியிருந்தது. அவருடன் அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி எமிலியும் வந்திருந்தாள். ஐந்து வயது, மஞ்சள் நிற மழைச்சட்டை. வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோது எதற்கு மழைச்சட்டை என்று கேட்டேன். “இஞ்சத்தை வானத்தை நம்பேலாது ஐயா” என்றார் சவிரிமுத்து.

நிலையம் பாறையைக் குடைந்து கட்டியது. இறங்கும் படிகளின் நீளத்தைப் பார்த்து மங்களம் தயங்கி நின்றாள். ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆறுதலா வாங்கோ அக்கா, ஆறுதலா” என்றார்.

மங்களம் முகம் வாடி என் பக்கம் திரும்பினாள். “என்னங்க, எதுக்கு நமக்கு ஆறுதல் சொல்றாங்க? ஊர்ல யாருக்காவது எதாவது ஆயிடுச்சா?”

ஆறுதலாக என்றால் அவர்கள் வழக்கில் மெதுவாக என்று பொருளாம். றெஜினா சிரித்துக்கொண்டே விளக்கினாள். நல்ல பெண். கண்ணில் ஒரு தெளிவு. ஆனால் அவளை எந்தப் பெயரால் அழைப்பது? ஒன்றைச் சொன்னால் நான் விட்டுக்கொடுத்ததாக ஆகும். மற்றதைச் சொன்னால் சட்டத்தை மீறியதாக ஆகும். “இங்கே பாரும்மா” என்றே காலை முழுதும் ஓட்டினேன்.

ரயிலில் எங்களைத் தவிர யாரும் பேசவில்லை. பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் இன்னொருவர் அருகில் போய் உட்காராமல் நின்றுகொண்டே வருகிறார்கள். நம் ஊர்ப் பேருந்தில் அறிமுகமில்லாதவரின் மடியில் நம் பையையும், நம் மடியில் அவருடைய குழந்தையையும் வைத்துப் பழகியவனுக்கு இது பெரிய தவமாகத் தோன்றியது. எமிலி மட்டும் என் எதிரே உட்கார்ந்து என் நெற்றியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“நீங்கள் வெயிலுக்குக் கிரீம் பூசினது வடிவா இல்லை. கோடு கோடா இருக்கு. அப்பப்பாட்டச் சொல்லுங்கோ, வடிவாப் பூசி விடுவார்.”

அப்பப்பாவான சவிரிமுத்து பேத்தியின் வாயைப் பொத்தினார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. வெயில் எதுவாயினும் திருநீறு காக்கும் என்று நம்புகிறவன் அல்லவா நான்? குழந்தை ஏறத்தாழ உண்மையைத்தான் சொன்னாள்.

முதலில் சிற்பப் பூங்காவுக்குப் போனோம். போகும் வழியிலேயே சவிரிமுத்து நடையைக் குறைத்துக் கார்த்திக்கிடம் ஏதோ முணுமுணுத்தார். “தம்பி, ஐயா கோயில் ஆள். அங்கை இருக்கிற சிலையெல்லாம் உடுப்பில்லாமல்... இதுக்குள்ளை கூட்டிக்கொண்டு போறதோ?” என்பது என் காதில் விழுந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் ஆண்கள், பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கான கற்சிலைகளும் வெண்கலச் சிலைகளும் பிறந்தமேனியாகவே நிற்கின்றன, ஓடுகின்றன, ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கிடக்கின்றன. நான் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்த்தேன். தசையின் மடிப்பும் நரம்பின் ஓட்டமும் கல்லில் வந்திருந்த அழகைச் சொல்லி முடியாது. சவிரிமுத்து என்னைக் கவலையோடு கவனிப்பதைக் கண்டு, “எங்கள் பக்கத்துக் கோபுரங்களை நீங்கள் அண்ணாந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. அங்கே இதைவிடத் தாராளம்” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டெல்லாவும் மங்களமும் மட்டும் பூங்காவின் ரோஜாப் பாத்திகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபத்தில் காலை உதைத்து அழும் வெண்கலக் குழந்தை ஒன்று அங்கே பெரும் புகழ் வாய்ந்தது. எமிலி அதன் முன்னால் நின்று அதேபோல் முஷ்டியை மடக்கி, காலை உதைத்துக் காட்ட, ஜப்பானியப் பயணிகள் சிலர் சிலையை விட்டுவிட்டு அவளைப் படமெடுத்தார்கள்.

பூங்காவின் சிற்றுண்டிக் கடையில் இதய வடிவில் சுட்ட ஒருவகை மெல்லிய அப்பம் கொடுத்தார்கள். அதன்மேல் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியைச் சீவிப் போடுகிறார்கள். புளித்த பால்கட்டி என்று நினைத்துத் தயக்கத்தோடு வாயில் வைத்தேன். அசல் திரட்டுப்பால்! யாரோ கைதவறி ஒரு சிட்டிகை உப்புப் போட்ட திரட்டுப்பால்.

“நைவேத்தியத்துக்கு வைக்கலாங்க” என்றாள் மங்களம், இரண்டாவது அப்பத்தை எடுத்துக்கொண்டே.

அங்கிருந்து துறைமுகத்துக்கு டிராமில் போனோம். நடு வழியில் டிராம் நின்றுவிட்டது. யாரோ வாடகைக்கு எடுத்த, நின்றுகொண்டே ஓட்டும் சிறு மின்சார ஸ்கூட்டரைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஓட்டுநரம்மா இறங்கினார், அதைத் தூக்கி ஓரமாக, விழாதபடி நிறுத்தினார், கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார், டிராம் கிளம்பியது. ஒலிப்பான் இல்லை, வசவு இல்லை, கூட்டம் இல்லை. நம் ஊராக இருந்தால் இதற்குள் இரண்டு கட்சிகள் உண்டாகி, யார் வண்டி என்று விசாரித்து, ஒரு டீக்கடை கூட முளைத்திருக்கும். “இஞ்சை சண்டை பிடிக்கிறதெண்டாலும் முதல்ல அப்பொயின்மன்ற் எடுக்கவேணும், சார்” என்றார் சவிரிமுத்து. நான் அவரைச் ‘சார்’ என்று அழைத்துக்கொண்டிருந்ததைத்தான் திருப்பித் தந்தார். “என்னைச் சார் எண்டு கூப்பிடாதேங்கோ ஐயா. கணக்கு வாத்தியார் பின்னால நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

துறைமுகத்தில், நகர மண்டபத்துக்கு எதிரே, கடலைப் பார்த்தபடி மரப் பலகைகள் போட்டிருந்தார்கள். அங்கேதான் மதியச் சாப்பாடு. ஸ்டெல்லா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்களுக்கென்று தனிப் பாத்திரம்.

“அக்கா, யோசிக்காமச் சாப்பிடுங்கோ. மச்சம் படாத புதுச் சட்டி. நேற்றுத்தான் வாங்கினது” என்றார்.

மச்சம் என்பது அவர்கள் பேச்சில் மீனும் இறைச்சியும். சுத்த சைவர்களான எங்களுக்காக அடுப்படிச் சட்டிகளையே மாற்றியிருக்கிறார். இவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் பெயர் விஷயத்தில் மட்டும் ஏன் மௌனமாக இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் முதலில் உண்டுவிட்டுக் கை கழுவினேன். கடலைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. தண்ணீர் ஓரமாகப் போய் நின்று, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். கடற்பறவைகள் கத்தின. படகுகள் வந்தன, போயின. நான்காம் பாட்டில் இருந்திருப்பேன். பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் பதற்றத்தோடு எழுந்தது:

“ஐயோ, பிள்ளை காணும்! பிள்ளை, காணும்! காணும்!”

பாட்டு நின்றது. திரும்பினேன். எமிலி இருந்த இடம் காலியாக இருந்தது.

பிள்ளையைக் காணும் என்றால் எங்கள் பக்கத்தில் குழந்தை தொலைந்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கம் ஆழமான கடல்; ஒரு பக்கம் அந்நிய ஊர்க் கூட்டம். என் கண் கரையெங்கும் ஓடியது. சற்றுத் தள்ளி, தீவுகளுக்குப் போகும் சிறு கப்பல் ஒன்றில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கிடையே மஞ்சள் மழைச்சட்டை. அதன்மேல் கறுத்த பின்னல். யாரோ ஒரு வெள்ளைக்காரி அதன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

என் வயதில் யாரும் அப்படி ஓடக் கூடாது. நான் ஓடினேன். வேட்டி கட்டாமல் கால்சட்டை போட்டிருந்தது இறைவன் செயல். “ஐயா! ஐயா! எங்கை போறியள்?” என்று சவிரிமுத்துவின் குரல் பின்னால் துரத்தியது. கப்பலுக்குள் பாய்ந்தேன். அவரும் பாய்ந்தார். ஏறும் பலகையை இழுத்துக்கொண்டு கப்பல் கரையை விட்டது.

மஞ்சள் சட்டைக்காரியின் தோளைத் தொட்டுத் திருப்பினேன். வேறொரு குழந்தை. அவளைச் சுற்றி அதே மஞ்சளில் இன்னும் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். ஒரு மழலையர் பள்ளியே சுற்றுலாவுக்குப் புறப்பட்டிருந்தது. ஆசிரியை என் நெற்றியையும் மூச்சிரைப்பையும் பார்த்து, குழந்தைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சவிரிமுத்து அவளிடம் நார்வே மொழியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னை இருக்கையில் அமர்த்தினார்.

“என்ன ஐயா இது? என்ன நடந்தது?”

“குழந்தையைக் காணும் என்று உங்கள் வீட்டம்மா அலறினாரே!”

“எமிலியோ? எமிலி கார்த்திக்கோட ஐஸ்கிரீம் வாங்கப் போயிட்டாள்.” அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. “றெஜினா தாய்க்குச் சொதியை ஊத்து ஊத்தெண்டு ஊத்தினாள். அதுக்குத்தான் ஸ்டெல்லா ‘பிள்ளை, காணும்’ எண்டவ. காணும் எண்டால் போதும் ஐயா. போதும், பிள்ளை, ஊத்தாதை எண்டது!”

காணும் என்றால் போதும். மகளைத்தான் பிள்ளை என்று அழைத்திருக்கிறார். ஒரே மொழியைப் பேசிக்கொண்டு ஒருவன் இவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. அவர் தொலைபேசியில் மனைவிக்கு நடந்ததைச் சொல்ல, மறுமுனையில் எழுந்த சிரிப்பு கப்பல் முழுதும் கேட்டது. அடுத்த கப்பலில் திரும்பலாம், அவசரமில்லை என்றார்.

அப்போது முன்வரிசையிலிருந்து நரைத்த தாடிக்காரர் ஒருவர் கையை ஆட்டி, “ஹேய், சாவி! சாவி!” என்று கூப்பிட்டார்.

நான் திடுக்கிட்டு என் சட்டைப்பையைத் தடவினேன். வீட்டுச் சாவி பத்திரமாக இருந்தது. “யார் சாவியைத் தொலைத்துவிட்டார்கள்? இவருக்குத் தமிழ் தெரியுமா?”

“சாவி நான்தான்” என்றார் சவிரிமுத்து. தாடிக்காரர் பழைய வேலைத்தோழராம். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். தாடிக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார்; சவிரிமுத்துவும் சிரித்தார். ஆனால் இருக்கைக்குத் திரும்பியபோது முன்பிருந்த கலகலப்பு அவரிடம் இல்லை.

தீவு பக்கத்திலேயே இருந்தது. இறங்கியதும் புல்வெளி, அதைத் தாண்டினால் பழங்காலத்துத் துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடுகள். கூரை இல்லை. இடுப்பளவும் தோளளவுமாகக் கற்சுவர்கள். நடுவில் நீண்ட தேவாலயத்தின் தரை, அதில் புல். கிழக்குக் கோடியில் பீடம் இருந்த இடம் சற்றே உயர்ந்து தெரிந்தது. சிறிய தூறல் ஒன்று எங்கிருந்தோ வந்துவிட்டுப் போனது.

வாசல் போலத் தோன்றிய இடத்தில் நான் குனிந்து காலணியின் நாடாவை அவிழ்த்தேன்.

“ஐயா, ஏன் சப்பாத்தைக் கழட்டுறியள்? குளிர் பிடிக்கும்.”

“கோயில்தானே?”

“கோயிலா இருந்தது. இப்ப கூரையும் இல்லை, பூசையும் இல்லை.”

“எங்கள் பக்கத்தில் கூரையில்லாத கோயில்கள் நிறைய உண்டு. உள்ளே இருப்பவர் கூரையை நம்பியா இருக்கிறார்?”

அவர் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து தன் நாடாவையும் அவிழ்த்தார். “மன்னாரில நாங்களும் செருப்பை வெளியில விட்டிட்டுத்தான் பூசைக்குப் போறனாங்கள். நாங்களும் கோயில் எண்டுதான் சொல்லுறது. இஞ்சை வந்து சப்பாத்தோட போய்ப் பழகீட்டம். கழட்டினால் சனம் பாக்கும்.”

ஈரப் புல்லில் இருவரும் வெறுங்காலோடு உள்ளே போனோம். என் கால்கள் பழக்கத்தால் வலமாகச் சுற்றின. அவர் பீடம் இருந்த இடத்தின் முன் நின்று நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டார். குளிர் உச்சந்தலையைத் தொட்டது. ஆனாலும் மனத்துக்கு இதமாக இருந்தது. சுற்றி முடித்ததும் தாழ்ந்த சுவரொன்றில் அமர்ந்தோம்.

“பிள்ளையள் இண்டைக்குப் பேரைப் பற்றிக் கதைக்கக் கூடாதெண்டவை” என்றார்.

“சொன்னார்கள்.”

“அவை இஞ்சை இல்லைத்தானே?”

நான் தலையசைத்தேன். அவர் தம் பாதங்களைப் பார்த்தபடி பேசினார்.

“நான் இந்த நாட்டுக்கு வந்து முதல்ல துரொண்ட்ஹெய்ம் எண்ட ஊரிலதான் வேலைக்குச் சேர்ந்தனான். மீன் வெட்டுற இடம். மேற்பார்வையாளன் என்ர பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான், நாக்குப் பிரளேல்லை. ‘சாவி எண்டு கூப்பிடட்டோ’ எண்டு கேட்டான். வேலை வேணுமே, தலையாட்டினன். அண்டைக்குத் தலையாட்டினது, இண்டைக்கும் சாவிதான். வேலையில சாவி, டொக்டரிட்டச் சாவி, பக்கத்து வீட்டிலயும் சாவி. நல்ல சனம், கோவமொண்டும் இல்லை. ஆனால் எங்கட அப்பா எனக்கு வைச்ச பேரை முழுசாச் சொல்லுற ஆக்கள் எங்கட சனத்துக்கு வெளியில ஒருத்தரும் இல்லை.”

கடற்பறவை ஒன்று சுவர்மேல் வந்து உட்கார்ந்தது. அவர் தொடர்ந்தார்.

“மகள் பிறந்தவுடன யோசிச்சன். இஞ்சை வெள்ளைக்காரனும் உடைக்காமச் சொல்லவேணும், மன்னாரில எங்கட அம்மாவும் உடைக்காமச் சொல்லவேணும். அப்பிடி ஒரு பேர் தேடித்தான் றெஜினா எண்டு வைச்சது. பள்ளிக்கூடத்தில, வேலையில, இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் அவவின்ர பேரில ஒரு எழுத்தைக் குறைக்கேல்லை ஐயா. நீங்கள் எடுத்த பேர் நல்ல வடிவு. பொய் சொல்லேல்லை. ஆனால் வெள்ளைக்காரன் தொடாத பேரைத் தமிழ் ஆக்கள் நாங்கள் மாத்தினால், அவவுக்கு நான் என்ன சொல்லுறது?”

எனக்கு உடனே தோன்றியது நான் எப்போதும் சொல்லும் விடைதான். “இறைவனுக்கே ஆயிரம் திருநாமங்கள் உண்டு. ஒரு நாமம் கூடினால் அது பெருமைதானே தவிரக் குறையில்லையே?”

“ஓம். ஆயிரம் பேர் இருக்கும். அடியாருக்கு ஆசை வர வர ஒவ்வொண்டா வைச்சிருப்பினம்.” அவர் முதன்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார். “ஆனால் ஐயா, ஒண்டை வைக்கேக்க மற்றதை எடுத்துப் போட்டவையோ?”

எத்தனையோ ஆண்டுகளாக அந்த ஆயிரம் நாமங்களையும் சொல்லி வருகிறேன். அந்தக் கோணத்தில் ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு நாமத்துக்காக இன்னொரு நாமத்தைத் தள்ளிய அடியார் ஒருவரையும் நான் எந்தப் பாட்டிலும் கண்டதில்லை. இருந்தாலும் தோல்வியை உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

“அப்படியானால் அழைப்பிதழில் இரண்டையும் போட்டுவிடலாம். ஒன்றை அடைப்புக்குறிக்குள் போட்டால் போயிற்று.”

“எந்தப் பேர் அடைப்புக்குறிக்குள்ள?” என்றார்.

அவர் புன்னகைத்தார். அடுத்த கணம் இருவரும் மறுபடியும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கப்பலின் ஊதொலி கேட்டது. காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, நாடா தரையில் இழுபட, புல்வெளியில் ஓடினோம். கப்பல்காரன் எங்களைப் பார்த்துப் பலகையை எடுக்காமல் காத்திருந்தான். என் காலுறைகளில் ஒன்று அந்த மடத்துச் சுவர்மேலேயே தங்கிவிட்டது.

கரையில் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். எமிலி ஐஸ்கிரீம் வழிந்த கையால் என்னைச் சுட்டிக்காட்டி, “துலைஞ்ச தாத்தா வந்திட்டார்!” என்று கூவினாள்.

“ஐஸ்கிரீம் வாங்கப் போன குழந்தை அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு. தேடப் போனவரைத்தான் கடல்ல தேட வேண்டியதாப் போச்சு” என்றாள் மங்களம். அவள் பார்வை என் ஒற்றைக் காலுறைக்கு இறங்கியது. “இது வேறயா?”

“அங்கிள், இனிமேல் காணும் எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டம். ‘நொக்’ எண்டு நார்வே மொழியில சொல்லுறம், பயமில்லை” என்றாள் றெஜினா.

சிரிப்பு அடங்குவதற்குள் கார்த்திக்கின் தொலைபேசி ஒலித்தது. ஊரிலிருந்து என் தம்பி தியாகராசன். மாலை வரை பொறுக்காமல் அவனே கூப்பிட்டுவிட்டான். கார்த்திக் திகைத்துப்போய் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டான். துறைமுகம் முழுதும் கேட்கும்படி தம்பியின் குரல் வந்தது.

“அண்ணே, நான் பிரஸ்லதான் நிக்கிறேன். அவர் கடையைப் பூட்டப் போறாரு. பொண்ணு பேரு என்னன்னு போடணும்?”

எல்லோரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். ஸ்டெல்லா காலிப் பாத்திரங்களை மறுபடி அடுக்கினார். சவிரிமுத்து கப்பலைப் பார்த்தார். றெஜினா மட்டும் என்னைப் பார்த்தாள்.

“றெஜினா” என்றேன். அந்தப் பெயரை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. உண்மையிலேயே நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

“ரெஜினாவா? அடைப்புக்குறி எதாவது?”

“எதுவும் வேண்டாம்.”

“சரிண்ணே. சின்ன ரவா, பெரிய றவா?”

றெஜினா பக்கம் திரும்பினேன். “எந்த எழுத்தும்மா, றெஜினா?”

“பெரிய ற, அங்கிள். அப்பா அப்பிடித்தான் எழுதுறவர்.”

“பெரிய ற” என்று தம்பிக்குச் சொன்னேன். “அச்சகத்தார் பிழை என்று நினைத்துத் திருத்திவிடப் போகிறார். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்.”

சவிரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தூறல் எப்போதோ நின்றிருந்தது. நான் தொலைபேசியைக் கார்த்திக்கிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். நடுவில் மங்களத்தின் கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

“தம்பி, நான் அண்ணி பேசுறேன். பையனோட அம்மா பேரு என்ன போட்டிருக்கீங்க?”

“மங்களம்னுதான் அண்ணி. ஏன், தப்பா?”

“கமலம்னு போடுங்க.”

“கமலமா? அது நம்ம அம்மா பேருல்ல?”

“எனக்கும் அதுதாம்ப்பா பேரு. எங்கப்பா வெச்சது” என்றாள். “அத்தையும் கமலம், வந்த மருமகளும் கமலம்னா வீட்ல எப்படிக் கூப்பிடறதுன்னு கல்யாணத்தன்னிக்கு மாத்துனாங்க. அத்தை போய்ச் சேர்ந்தும் வருஷம் ஆச்சு. இப்பக் குழப்பம் ஒண்ணும் இல்ல. கமலம்னே போடுங்க.”

தம்பி அதை அச்சகத்தாரிடம் சொல்வது கேட்டது. பிறகு, “சரிங்க அண்ணி” என்றான். அவள் தொலைபேசியை மகனிடம் நீட்டிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டெல்லாவின் பாத்திரப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். கார்த்திக் என்னைப் பார்த்தான். அவனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும் என்றாலும், தெரியும் என்பது எனக்கே நினைவில் இல்லை.

டிராம் வந்து நின்றது. எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள். அவள் படியில் கால் வைத்துவிட்டாள். நான் கடைசியில், ஒற்றைக் காலுறையோடு, நின்றுகொண்டிருந்தேன்.

“கமலம்” என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பெயருக்கே திரும்பிப் பழகியவள் போலச் சட்டென்று திரும்பினாள்.

“வர்றேன், வர்றேன். நீங்க முதல்ல ஏறுங்க. கதவு மூடப் போவுது.”